மூன்று முறை அலைன்மென்ட் செய்தும் கார் இடப்பக்கமே இழுக்கிறது, என்ன செய்வது?

சேலம் கோரிமேட்டில் குடியிருந்துகொண்டு ஏற்காட்டில் ஒரு பள்ளிக்குத் தினமும் காரில் போய்வரும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் பள்ளியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இந்தப் பதிலில் அவரை டீச்சர் என்றே அழைக்கிறேன். நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்.

வண்டி 2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். இரண்டு வருடங்களுக்கு முன் உறவினருக்குத் தெரிந்த ஒருவரிடம் 41,000 கிலோமீட்டரில் வாங்கியது, இப்போது 65,000 ஓடியிருக்கிறது. ஆனி மாதம் ஒரு மழை நாளில், கொண்டலாம்பட்டி பக்கம் தண்ணீர் நின்ற பள்ளத்தில் முன் இடது சக்கரம் பலமாக இறங்கியது. ஆடியில் வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கார்த்திகைக்குள் மூன்று முறை அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வேலை, செய்தாகிவிட்டது. முன் டயர் இரண்டையும் 8,400 ரூபாய்க்குப் புதிதாகப் போட்டாகிவிட்டது. இழுப்பு மட்டும் நிற்கவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் “ஸ்டீயரிங் ரேக் போயிடுச்சு மேடம், லோயர் ஆர்ம் ரெண்டும் சேர்த்து மாத்தணும்” என்று 37,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். (ரேக் என்பது ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம், லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை.) சேஸிஸ் வளைந்திருக்கிறது, விற்றவர் ஆக்சிடென்ட் வண்டியைத் தலையில் கட்டிவிட்டார், கேஸ் போடலாம் என்பது கொழுந்தனாரின் தீர்ப்பு. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். ரேக் மாற்றலாமா, விற்றுவிடலாமா, யார் மீதாவது வழக்குப் போட முடியுமா என்று டீச்சர் கேட்கிறார்.

டீச்சர், உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த பிறகு, பிரேக்கைக் கழற்றிப் பார்க்கும்வரை, அந்தக் காரை மலைக்கு ஏற்றாதீர்கள். ஏறுவதில் பிரச்சினை இல்லை, ஏறினால் இறங்க வேண்டுமே, அதுதான் பிரச்சினை. இரண்டு மூன்று நாள் பஸ்ஸில் போய்வாருங்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது கீழே புரியும்.

உங்கள் கடிதத்தில் பள்ளம், டயர், அலைன்மென்ட், ரேக் எல்லாம் விரிவாக இருக்கின்றன. ஆனால் எனக்கு வேண்டிய விஷயங்கள் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதிய வரிகளில் இருந்தன. காலையில் மலையேறும்போது வண்டி ஏறக்குறைய நேராகப் போகிறது என்கிறீர்கள். சாயங்காலம் இறங்கி, அடிவாரம் தாண்டி நேர்ரோடு வந்ததும்தான் இடப்பக்கம் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது முன் இடது சக்கரத்தில் மட்டும் கருப்புப் பொடி அப்பியிருக்கிறது, அதை மலைச்சேறு என்று நினைத்திருக்கிறீர்கள். சில நாள் அடிவாரத்தில் கருகல் வாடை வந்தது, எஸ்டேட்டில் சருகு கொளுத்துகிறார்கள் என்று விட்டுவிட்டீர்கள். லிட்டருக்கு 17 கொடுத்த வண்டி இப்போது 14தான் கொடுக்கிறது. அப்புறம், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் வருவது அப்பா காலத்துப் பழக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இந்த ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், முன் இடது பிரேக் அழுத்திய பிறகு முழுதாக விடவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். சூடானால் பிடித்துக்கொள்கிறது, ராத்திரி முழுக்க ஆறினால் விட்டுவிடுகிறது. காலையில் ஏற்றத்தில் நீங்கள் பிரேக்கையே அதிகம் தொடுவதில்லை, அதனால் ஒன்றும் தெரிவதில்லை. சாயங்காலம் இறங்கி முடிக்கும்போது இடது சக்கரம் மட்டும் பாதி பிரேக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது, வண்டி அந்தப் பக்கம் போகிறது. கருப்புப் பொடி என்பது பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் கட்டை) தேய்ந்து உதிர்ந்த தூள். கருகல் வாடையும் அதனுடையதாகத்தான் இருக்கும். மைலேஜ் குறைந்ததற்கும் இது பொருந்துகிறது. கண்ணால் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று எந்த மெக்கானிக்கும் சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை. ஆனால் 37,000 ரூபாய் எஸ்டிமேட்டுக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் இதைப் பார்க்காமல் விட்டால் அது பெரிய தப்பு.

எப்போது இழுக்கிறது?

கார் இழுக்கிறது என்று யார் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எந்தப் பக்கம் என்பது இரண்டாவது. உங்கள் வண்டியைப் பார்த்த மூன்று இடங்களிலும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நீங்கள் பள்ளத்தில் இறங்கிய கதையைச் சொன்னீர்கள், அவர்கள் நேரே அலைன்மென்ட் மிஷினுக்கு ஏற்றிவிட்டார்கள்.

காலை, மாலை, ஏற்றம், இறக்கம் என்ற வித்தியாசமே இல்லாமல் எப்போதும் ஒரே அளவில் இழுத்தால் டயர், காற்று, சக்கரக் கோணம் ஆகியவற்றில் தேட வேண்டும். பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கில் தேட வேண்டும். இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அழுத்தியதும் வண்டி வலது பக்கம் போனால், வலது பிரேக் அதிகம் பிடிக்கிறது என்று நினைத்து அதையே நோண்டுவார்கள். பல நேரம் குற்றவாளி இடது பிரேக்தான். அது பிடிக்காததால் வலது மட்டும் வேலை செய்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் என்று வண்டி மாறி மாறிப் போனால் லோயர் ஆர்ம் புஷ்ஷை, அதாவது அந்த ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பரை, பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் நேராக ஓடி, சூடான பிறகு மட்டும் இழுத்தால், உங்கள் கேஸ் போல, பிரேக் பிடித்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ரோட்டின் வாட்டமும் ஒரு காரணம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லலாம். அது உண்மையும்கூட. மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகத் தார் ரோட்டை நடுவில் உயர்த்தி, ஓரத்துக்கு 100க்கு 2 அல்லது 2.5 அளவில் சாய்த்துத்தான் போடுகிறார்கள். நாம் இடது ஓரம் போகிறவர்கள் என்பதால் நல்ல வண்டியும் ஸ்டீயரிங்கை விட்டால் மெதுவாக இடப்பக்கம் நகரும். அதைக் குறை என்று எண்ணி அலைன்மென்ட்டுக்கு ஓடக்கூடாது. ஆனால் காலையில் ஏறப் போகும்போதும் அதே ரோட்டில் இடது ஓரத்தில்தானே போகிறீர்கள்? வாட்டம்தான் காரணம் என்றால் காலையிலும் அதே அளவு இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. ஆகவே வாட்டத்தை விட்டுவிடலாம்.

இதே காரணத்தால் கொழுந்தனாரின் சேஸிஸ் சந்தேகமும் நிற்காது. லாரிக்கு இருப்பது போலத் தனி சேஸிஸ் உங்கள் வண்டிக்குக் கிடையாது, பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வார்த்தது போல வருகிற வண்டி அது. அந்த அடிச்சட்டம் வளைந்திருந்தால் காலையில் நேராகி சாயங்காலம் வளையாது.

அலைன்மென்ட் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது

உங்களுக்கு மட்டுமல்ல, கார் வைத்திருக்கிற பலருக்கும் இதில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வண்டி இழுத்தால் அலைன்மென்ட், அலைன்மென்ட் செய்தால் இழுக்காது என்று.

மிஷினில் முக்கியமாக மூன்று கோணம் பார்ப்பார்கள். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் மூக்கு உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பது டோ. முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்புகிற அச்சு பின்னால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். வண்டியை ஒரு பக்கம் இழுப்பது பெரும்பாலும் கேம்பரும் காஸ்டரும்தான், அதுவும் இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தால் மட்டும். கேம்பர் எந்தப் பக்கம் வெளியே அதிகம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். முன்சக்கர டோ தப்பாக இருந்தால் டயர் ஓரம் சீக்கிரம் தேயும், நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஆனால் ஓடும்போது அந்தத் தப்பை இரண்டு சக்கரமும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வதால் தொடர்ந்து ஒரே பக்கம் இழுப்பது அரிது.

இதில் சங்கடம் என்னவென்றால், நம் ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவற்றில் கம்பெனி கொடுத்த அட்ஜஸ்ட்மென்ட் முன்சக்கர டோவுக்கு மட்டும்தான். கேம்பரையும் காஸ்டரையும் திருகிச் சரிசெய்ய வழியில்லை. அவை தப்பாக இருந்தால் வளைந்த பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றத்தான் வேண்டும். ஆகவே உங்கள் வண்டிக்கு மூன்று முறை செய்தது மூன்று முறையும் டோ மட்டும்தான். முதல் தடவையே அது சரியாகியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் மிஷின் ஒரு தாள் அச்சிடும். அதைக் கேட்டு வாங்கியிருந்தால் நல்லது. பச்சை, சிவப்புக் கட்டங்களை மட்டும் பார்க்காமல், செய்வதற்கு முன் எடுத்த அளவில் கேம்பர், காஸ்டர் வரிசைகளில் இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அரை டிகிரிக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பள்ளத்தில் இறங்கிய இடது பக்கம் மட்டும் ஒரு டிகிரிக்கு மேல் தள்ளி நின்றால் லோயர் ஆர்மோ, ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்), நக்கிளோ (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) வளைந்திருக்கலாம். அப்போது ஒர்க்‌ஷாப்காரர் லோயர் ஆர்ம் என்று சொன்னதிலும் நியாயம் உண்டு. அப்படியே இருந்தாலும் ஒரு பக்க ஆர்ம் மட்டும்தான் கட்டாயம், இரண்டும் அல்ல.

ரேக் விஷயத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை. ரேக் தேய்ந்தால் ஸ்டீயரிங்கில் லூஸ் தெரியும், மேடு பள்ளத்தில் டொக் டொக் என்று சத்தம் வரும், பவர் ஸ்டீயரிங் ஆயில் உள்ள பழைய வகையாக இருந்தால் கசியும். வண்டி இரண்டு பக்கமும் அலையும். சாயங்காலம் மட்டும், ஒரே பக்கம், சீராக இழுப்பதற்கு ரேக்கைக் காரணம் சொல்ல முடியாது. இந்த அறிகுறிகளில் எது இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த எஸ்டிமேட்டை மடித்து வைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை

வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது நான்கு டயரிலும் காற்று பாருங்கள். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவுக்கே வையுங்கள், பஞ்சர் கடைக்காரர் கண்ணளவில் அடித்ததை நம்ப வேண்டாம். ஒரு முன்டயரில் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் சாயும்.

அடுத்தது செலவில்லாத சோதனை. முன் இடது சக்கரத்தையும் முன் வலது சக்கரத்தையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு வலப்பக்கம் மாறினால் குற்றம் டயரில். புது டயரிலும் உள்ளே பெல்ட் ஒரு பக்கமாக உட்கார்ந்து இழுக்கிற குறை வருவதுண்டு, புதுசு என்பதால் அதை ஒதுக்கிவிடக் கூடாது. இழுப்பு மாறாமல் இடப்பக்கமே இருந்தால் டயர் நிரபராதி. டயர் பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் இடம் வலம் மாற்றக்கூடாது, அப்போது அதே பக்கத்துப் பின்சக்கரத்தோடு மாற்றுங்கள். உங்கள் பழைய டயரிலும் புது டயரிலும் ஒரே மாதிரி இழுப்பதால், இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் காசு செலவில்லையே.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். மலை வேண்டாம், சமதளத்திலேயே செய்யலாம். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, வாகனம் குறைவான நேரத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், அவ்வப்போது பிரேக் அழுத்தி ஓட்டுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். உடனே இறங்கி, புறங்கையை முன் இடது சக்கரத்தின் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், பிறகு வலதுக்கும் அப்படியே. தொடாதீர்கள், டிஸ்க் சூடாக இருந்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் ஊற்றாதீர்கள், டிஸ்க் நெளிந்துவிடலாம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நான் சொன்னதை மறுபடி யோசிக்க வேண்டும். இடது பக்கம் அனல் அடித்து, வலது வெதுவெதுப்பாக இருந்தால் ஆள் பிடிபட்டான்.

பிறகு சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் இடது பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தி விட வேண்டும், விட்டவுடன் சுழற்ற வேண்டும். லேசாக உரசும் சத்தம் வருவது சகஜம். இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தால் அது சகஜம் இல்லை. ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் தலையை விடக் கூடாது.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது

இனி இதைப் பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஐந்து ரோடு சந்திப்பில் இருக்கிற பெரிய ஒர்க்‌ஷாப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகமான காலிப்பரைக் கழற்றி உங்களுக்குக் காட்டுகிறவராக இருந்தால் போதும். இடது பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, காலிப்பர் பின். உங்கள் வண்டியின் காலிப்பர் பின் எனப்படும் இரண்டு சிறு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நழுவ வேண்டும். அந்தப் பின்னை மூடும் ரப்பர் உறை கிழிந்து, மழையும் மலைப்பனியும் உள்ளே போய்த் துரு ஏறினால் காலிப்பர் நழுவாது, பேட் டிஸ்க்கை விடாது. கழற்றிய உடனே கையில் தெரியும், நல்ல பின் விரலால் இழுத்தால் வரும், இதைச் சுத்தியலால் தட்டித்தான் எடுப்பார்கள். உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவில் தேயாமல் ஒன்று மட்டும் கரைந்திருக்கும். அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். சரிசெய்ய, பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் போட வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைப் போட்டால் ரப்பர் ஊதிப் பின் மறுபடி இறுகும், இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கையில் கிடைத்த கிரீஸை அள்ளிப் பூசுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

இரண்டாவது, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்பது. சீல் கிட் மாற்றினால் சில வண்டிகளில் சரியாகும், குழி விழும் அளவுக்குத் துரு இருந்தால் காலிப்பரையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, பலர் பார்க்காமல் விடுவது, பிரேக் ஹோஸ். வெளியே நன்றாகத் தெரிகிற ரப்பர் குழாய் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். கால் அழுத்தத்துக்குப் பிரேக் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர முடியாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சக்கரம் இறுகி நிற்கும்போதே காலிப்பரில் உள்ள ஏர் எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் உடனே சுழன்றால், உள்ளே அழுத்தம் தங்கி நிற்கிறது என்று அர்த்தம், ஹோஸைத்தான் சந்தேகப்பட வேண்டும். திறந்த பிறகும் இறுகியே இருந்தால் பின் அல்லது பிஸ்டன்.

வேலை பின்னோடு முடிந்தால் சில நூறு ரூபாய், பேடும் ஹோஸும் சேர்ந்தால் சில ஆயிரம் ஆகும். பேடும் ஹோஸும் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசுமாக இருந்தால் அதுவே இழுக்கும். இடது டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கிறதா, அளவுக்கு மேல் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே லோயர் ஆர்ம் புஷ்ஷை ஒரு நீளக் கம்பியால் நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். 65,000 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி கொண்டை ஊசி வளைவில், புஷ் கிழிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கிழிந்திருந்தால் மாற்றுங்கள், கிழியாததை மாற்ற வேண்டாம்.

பிரேக் ஆயிலைக் கட்டாயம் மாற்ற வேண்டும். வண்டி வாங்கியதிலிருந்து நீங்கள் மாற்றியதாக எழுதவில்லை. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205, 140. பிடித்துக்கொண்டு சுற்றும் பிரேக் இந்தச் சூட்டைத் தொடுவது கஷ்டமே இல்லை. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், பிரேக் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. மலைக்கு ஏற்றாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். இழுப்பது உங்களுக்கு எரிச்சல், எனக்குப் பயம் இந்த மிதிதான். இறக்கத்தில் எப்போதாவது மிதி பஞ்சு மாதிரி அமுங்கினால் விட்டு விட்டுப் பம்ப் செய்து, கியரைக் குறைத்து, ஓரத்தில் நிறுத்தி, நன்றாக ஆறும்வரை கிளம்பாதீர்கள்.

நியூட்ரல் பழக்கம்

அப்பா சொல்லிக்கொடுத்ததை மறுத்துப் பேச சங்கடமாக இருக்கிறது, ஆனால் கார்புரேட்டர் காலத்துக் கணக்கு இது. உங்கள் வண்டியில் பெட்ரோலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு இறங்கினால், இன்ஜின் சுற்றுவது சக்கரத்தின் வேகத்தால்தான் என்று தெரிந்து பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் கொடுத்தே ஆக வேண்டும். நியூட்ரலில் வருகிறவர்தான் அதிகம் செலவு செய்கிறார்.

பிரேக்குக்கு அது செய்வது இன்னும் மோசம். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை உத்தேசமாக 1,000 மீட்டர் உயரம் இறங்குகிறீர்கள். வண்டியும் ஆளும் சேர்ந்து 1,000 கிலோ என்று வையுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதையும் சூடாக்கினால் 30 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் ரோடும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்க வேண்டும். நியூட்ரலில் இன்ஜினுக்குப் பங்கே இல்லை.

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். பிரேக் மேல் காலை வைத்தே வராமல், வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுதாக விட்டுவிடுங்கள், அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவர்தான், அதற்கு அவசரப்பட்டு அழுத்தாமல் வளைவுக்கு மேலேயே தாமதித்து வந்தால் பிரேக்குக்கும் நல்லது.

விற்பது, வழக்கு, இன்ஷூரன்ஸ்

விற்றவர் மீது வழக்கு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வண்டி உங்களிடம் வந்து இரண்டு வருடம், 24,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு வந்த பிரேக் கோளாறு பராமரிப்பில் வருவது, விற்றவர் மறைத்தது அல்ல. தவிர, வியாபாரி அல்லாத ஒரு தனிநபரிடம் வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது.

அலைன்மென்ட் கடை மீதும் பெரிதாக ஒன்றும் நிற்காது. நீங்கள் அலைன்மென்ட் கேட்டீர்கள், அவர்கள் செய்தார்கள். ரேக் கதை வேறு. அதை மாற்றியிருந்து, இழுப்பும் நிற்காமல், தேவையில்லாமல் மாற்றினார்கள் என்று வேறொரு மெக்கானிக் எழுத்தில் சொன்னால், அது சேவைக் குறைபாடு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் கேட்கலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். நல்லவேளை, நீங்கள் இன்னும் மாற்றவில்லை. இனி எந்த வேலைக்கும் எழுத்தில் எஸ்டிமேட், ஜிஎஸ்டி பில், கழற்றிய பழைய பாகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பழைய பாகம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பல எஸ்டிமேட் தானாகவே குறையும்.

பள்ளத்தில் இறங்கியதற்கு இன்ஷூரன்ஸ் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அடிபட்டவுடன் கம்பெனிக்குத் தெரிவித்து, சர்வேயர் பார்த்த பிறகு கழற்றினால்தான் அந்த வழி. ஐந்து மாதம் ஓட்டிவிட்டுக் கேட்டால் தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள். டயருக்கு, வண்டியின் வேறு பாகமும் அதே சம்பவத்தில் சேதமானால் மட்டுமே, அதுவும் பாதி விலைதான் கிடைக்கும்.

வீட்டுக்காரர் சொல்கிறபடி விற்பதானாலும் முதலில் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு விற்கச் சொல்லுங்கள். இழுக்கிற வண்டி என்று தெரிந்தால் வாங்குகிறவர் ரேக், சேஸிஸ் என்று எல்லாக் கதையையும் சொல்லி விலையைப் பாதியாக்குவார். சொல்லாமல் விற்றாலோ, மலைப்பக்கம் ஓட்டப் போகிற ஒருவர் தலையில் அது விழும், அதற்கு உங்கள் வீட்டில் யாரும் மனதார ஒப்பமாட்டீர்கள். என்னைக் கேட்டால், 65,000 ஓடிய பெட்ரோல் வண்டியை ஒரு காலிப்பர் பின்னுக்காக விற்க வேண்டியதில்லை.

பிரேக் வேலை முடிந்ததும் சமதளத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், இரண்டு சக்கரச் சூடும் ஒன்றாக இருந்தால் மலைக்குப் போகலாம். இறங்கி வந்ததும் அடிவாரத்தில் ஒருமுறை மறுபடி புறங்கையை வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால் மூன்று அலைன்மென்ட் தாள்களையும் படம் எடுத்து அனுப்புங்கள், கேம்பர், காஸ்டர் வரிசை தெளிவாகத் தெரியட்டும். எப்போது இழுக்கிறது என்பதையும் இந்த முறை கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள் டீச்சர்.